பிள்ளைங்க பேர் சொல்லி வசனம் வச்சு ஜெபிக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க, பையன் ஒரு கேள்வி கேட்டுட்டான்

செக்காலை அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போவேன், எழுதுனதில்ல. இன்னைக்கு மனசு கேக்கல, எழுதுறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கங்க.

நாங்க காரைக்குடி, செக்காலை பக்கம். சிஎஸ்ஐ. அவங்க சிங்கப்பூர்ல வேலை, வீட்ல நானு, எங்க அத்தை, பையன், பொண்ணு. பையன் பன்னெண்டாவது, பொண்ணு எட்டாவது. பையன் வயித்துல இருக்கும்போதே ஒரு நோட்டு போட்டேன். வசனத்த எழுதி, பிள்ளைன்னு வர்ற எடத்துல அவன் பேரப் போட்டு ஜெபிக்கிறது. எங்கம்மா எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க, அதப் பாத்துத்தான். மொத நோட்டுல மொத பக்கம் சங்கீதம் 127:3, "இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்", அதாவது அவர் குடுக்குற சொத்து. அப்புறம் ஏசாயா 54:13, "உன் பிள்ளைகளெல்லாரும் கர்த்தரால் போதிக்கப்பட்டிருப்பார்கள், உன் பிள்ளைகளுடைய சமாதானம் பெரிதாயிருக்கும்". இப்ப ஏழாவது நோட்டு ஓடுது. காலைல நாலரைக்கு அவன படிக்க எழுப்புறதே நெத்தில கைய வச்சு ஒரு வசனம் சொல்லித்தான் எழுப்புவேன்.

சாயந்தரம் ஏழு மணிக்கு குடும்ப ஜெபம். பழைய வாடகை வீடு, கீழ ஆத்தங்குடி கல்லு, ஜில்லுன்னு இருக்கும், பாய் போட்டு உக்காருவோம். பையன் மட்டும் பாய்ல உக்கார மாட்டான், தரையில உக்காந்து கால் கட்டவெரலால அந்தக் கல்லுல இருக்குற பூவையே சுத்திச் சுத்தி வரைஞ்சுக்கிட்டு இருப்பான். நான் கண்ண மூடியிருந்தாலும் எனக்குத் தெரியும்.

போன வாரம் பிசிக்ஸ் டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்க, 70க்கு 38. நான் ஒண்ணுமே சொல்லல, சத்தியமா ஒரு வார்த்தை திட்டல. ஆனா அன்னைக்கு ஜெபத்துல உபாகமம் 28:13 வச்சு ஜெபிச்சேன். "ஆண்டவரே, என் பிள்ளைய வாலாக்காமல் தலையாக்குவேன்னு சொன்னீரே, இவன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன நோண்டிக்கிட்டு இருக்கான் ஆண்டவரே, அந்த ஆவிய எடுத்துப்போடும், அந்த கூட்டாளிங்க கிட்ட இருந்து பிரிச்செடும், அப்பா அங்க வெயில்ல கஷ்டப்படுறது இவன் கண்ணுக்குத் தெரியணும் ஆண்டவரே"ன்னு கொஞ்சம் அழுதுட்டேன். ஆமென் சொன்னதும் அவன் எந்திரிச்சு நின்னு சொல்றான், "அம்மா, நீங்க கடவுள்கிட்ட பேசல, என்கிட்டதான் பேசுறீங்க. அவர சும்மா சாட்சிக்கு உக்கார வச்சிருக்கீங்க."

எங்க அத்தை சிரிச்சிட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆனா பதில் வரல.

அன்னையிலருந்து ஏழு மணியானா மொட்டமாடிக்குப் போயிடுறான். சண்டை கிண்டையெல்லாம் போடல, தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு அமைதியா ஏறிடுறான், அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. இப்ப என் கேள்வி என்னன்னா, பேரப் போட்டு வசனத்த ஜெபிக்கிறது சரியா தப்பா? சத்தமா அவங்க முன்னாடி ஜெபிக்கணுமா, தனியாவா? பப்ளிக் பரீட்சை வருது, என்னென்ன வசனம் வச்சு ஜெபிக்கலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

புதுவயல் சிஸ்டர்

ப்ரைஸ் த லார்ட் சிஸ்டர். உங்க கண்ணீர கர்த்தர் தன்னோட துருத்தியில, தோல் பையில, சேத்து வச்சிருக்கார், கவலப்படாதீங்க. பேரப் போட்டு ஜெபிக்கிறதுல ஒரு தப்பும் இல்ல. வசனம் நமக்குக் குடுத்த பட்டயம், அதாவது வாள், அத உறையில வச்சுக்கிட்டு பிள்ளை போச்சே போச்சேன்னா என்ன அர்த்தம்.

நான் எங்க மூணு பிள்ளைகளுக்கும் இப்படித்தான். எங்க ஏரியால அரிசி மில் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி எந்திரிச்சிருவேன். புலம்பல் 2:19 எடுத்துப் படிங்க, "உன் குழந்தைகளின் பிராணனுக்காக உன் கைகளை அவரிடத்திற்கு ஏறெடு". கைய ஏறெடுன்னு இருக்கு சிஸ்டர், மனசுக்குள்ள நெனச்சுக்கன்னு இல்ல. அப்புறம் சங்கீதம் 91 முழுசா, சங்கீதம் 121 வெளியூர் போறப்ப, ஏசாயா 44:3 சந்ததி மேல ஆவிய ஊற்றுவேன்னு, லூக்கா 2:52 படிக்கிற பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லது, இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவகிருபையிலும் மனுஷர் தயவிலும் விருத்தியடைஞ்சார்னு. நாலும் அதுல வந்துருது பாருங்க, படிப்பு, ஒடம்பு, பக்தி, நாலு பேர்கிட்ட நல்ல பேரு. நான் அத பிள்ளைக தலையில எண்ணெய் வைக்கிறப்ப சொல்லிக்கிட்டே வைப்பேன், ஞாயித்துக்கிழமை நல்லெண்ணெய் தேச்சுக் குளிக்கிறப்ப, மண்டைய நல்லா அழுத்தித் தேய்க்கிறதுல அவனுக்கு ஓட முடியாது, ஜெபமும் முடிஞ்சிரும் 😄

மாடிக்குப் போனா போகட்டும், நீங்க சத்தத்த கூட்டுங்க, மாடிக்குக் கேக்கட்டும். விட்டுக்குடுக்காதீங்க.

---

தேவகோட்டை வாத்தியார் (ரிட்டயர்டு)

அம்மா, உங்க பதிவ ரெண்டு தடவை படிச்சேன். முப்பது வருசத்துக்கு மேல பன்னெண்டாவது பசங்களோட கிடந்தவன்ங்கிற முறையில சொல்றேன், உங்க பையன் கேட்டது நல்ல கேள்வி. அது அவிசுவாசத்துல வந்த கேள்வி இல்ல. ஜெபம்னா கடவுள்கிட்ட பேசுறதுன்னு அவன் நம்புறான், அதனாலதான் நீங்க வேற யார்கிட்டயோ பேசுறது அவனுக்கு உறுத்துது. நம்பாத பையனா இருந்தா பூவ வரைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பான்.

பேரப் போடுறது பத்தி. தப்பில்லம்மா. ஆனா பேரப் போடுறதுக்கு முன்னாடி அந்த வசனம் யாருக்கு யாரு சொன்னதுன்னு ஒரு தடவை மேலயும் கீழயும் படிச்சிரணும். நீங்க சொன்ன உபாகமம் 28:13, "வாலாக்காமல் தலையாக்குவார்". அந்த வசனத்துலயே "கட்டளைகளுக்குச் செவிகொடுத்துவந்தால்"னு ஒரு நிபந்தனை இருக்கு, அதுவும் ஒரு தேசத்துக்கே சொன்னது, வகுப்புல மொத ரேங்க் பத்தி இல்ல. தொடர்ந்து படிச்சா 15ஆம் வசனத்துலருந்து சாபம் ஆரம்பிக்குது, அதுதான் அந்த அதிகாரத்துல நீளம். அத யாரும் பிள்ளை பேரப் போட்டு ஜெபிக்கிறதில்லையே. இன்னும் ஒரு விஷயம், எல்லா அம்மாவும் இதே வசனத்த ஜெபிச்சா நாப்பது பேரு இருக்குற வகுப்புல வாலா யாரு இருக்குறது? நான் பாடம் எடுத்த பசங்கள்ல கடைசி பெஞ்சுல இருந்தவனுக்கும் ஒரு அம்மா இருந்தாங்க.

அதே மாதிரி எரேமியா 29:11, புது வருச வாக்குத்தத்த அட்டையில அதிகமா வர்ற வசனம், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அது பாபிலோனுக்குச் சிறையா போனவங்களுக்கு எழுதுன கடிதம். அதுக்கு முந்தின வசனத்துலயே எழுபது வருசம் ஆகும்னு இருக்கு. கேட்டவங்கள்ல பாதிப் பேருக்கு மேல திரும்பி வரவே இல்லாம அங்கயே கண்ண மூடியிருப்பாங்க. அப்படி ஒரு எடத்துல வச்சுச் சொன்ன ஆறுதல் அது. பரீட்சை ரிசல்ட்டுக்கு முன்னாடி ராத்திரி அத சொல்றதவிட, ரிசல்ட் மோசமா வந்தப்புறம் சொன்னா அந்த வசனத்தோட எடை என்னன்னு தெரியும்.

நீதிமொழிகள் 22:6, "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து". அது பழமொழிப் புத்தகம்மா. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்னு சொல்றது, கையெழுத்துப் போட்ட பத்திரம் இல்ல. அன்னாள் அழுது கேட்டு வாங்கின பிள்ளை சாமுவேல், "இந்தப் பிள்ளைக்காக விண்ணப்பம்பண்ணினேன்"னு நாம எல்லாரும் ஞானஸ்நானத்துக்குப் படிக்கிறோம். அந்த சாமுவேலோட பிள்ளைக என்ன ஆனாங்க? 1 சாமுவேல் 8:3, பரிதானம், அதாவது லஞ்சம் வாங்குனாங்க. சாமுவேல் ஜெபிக்காதவரா?

யோபு ஒண்ணாவது அதிகாரம் பாருங்க, ஏழு பையன் மூணு பொண்ணு, விருந்து முடிஞ்ச ஒவ்வொரு தடவையும் அதிகாலைல எந்திரிச்சு ஒவ்வொருத்தருக்கும் கணக்குப் போட்டு பலி செலுத்துவார், "ஒருவேளை" தப்பு பண்ணியிருப்பாங்களோன்னு. அப்படி ஒரு அப்பா. அந்தப் பத்து பேரும் அதே அதிகாரத்துலயே ஒரே வீடு இடிஞ்சு செத்துப் போறாங்க. இத சொல்லி உங்கள பயமுறுத்தல. ஜெபத்த காசு போட்டா டீ வர்ற மிஷின் மாதிரி பிள்ளைகளுக்குக் காட்டிட்டோம்னா ஒரு நாள் டீ வராதப்ப அவன் மிஷின உதைச்சிட்டுப் போயிருவான், அதத்தான் நான் நெறைய பாத்திருக்கேன்.

அப்ப எத ஜெபிக்கிறது? பவுல் எழுதுன ஜெபங்கள எடுத்துக்கங்க. எபேசியர் 3:14லருந்து 19, பிலிப்பியர் 1:9லருந்து 11, கொலோசெயர் 1:9லருந்து. இது எதுவுமே பவுல் ஜாலியா இருந்தப்ப எழுதுனதில்ல, காவல்ல இருந்து எழுதுனது. அதுல வேலை, வீடு, மார்க்கு ஒண்ணும் இல்ல. அன்பு அறிவுல பெருகணும், எது நல்லதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும், பலப்படணும், இவ்வளவுதான் கேக்குறார். இத பையன் பேரப் போட்டு ஜெபிச்சா எந்த அதிகாரத்துலயும் இடிக்காது, ஏன்னா அதுவே ஒருத்தர் இன்னொருத்தருக்காகப் பண்ணின ஜெபம்.

சத்தமாவா தனியாவான்னு கேட்டீங்க. மத்தேயு 6:6, "உன் கதவைப் பூட்டி". பையன் காதுல விழணும்னு ஒரு வார்த்தை ஜெபத்துல சேத்தோம்னா அது ஜெபத்த விட்டு வெளிய வந்துருச்சு. அத ஜெபம் முடிஞ்சப்புறம் அவன்கிட்ட நேரா சொல்லிருங்க, "தம்பி, ராத்திரி போன் வேணாம்". அவன் எதுத்துப் பேசலாம். ஜெபத்துல வச்சுச் சொன்னா அவனால பதில் பேச முடியாது பாருங்க, கண்ண மூடியிருக்கான், கடவுள் முன்னாடி இருக்கான். கொலோசெயர் 3:21, பிள்ளைகளக் கோபப்படுத்தாதீங்கன்னு, பிதாக்களுக்குன்னு எழுதியிருக்கு, மாதாக்களுக்கும் சேத்துத்தான்.

---

புதுவயல் சிஸ்டர்

வாத்தியார் ஐயா, மரியாதையோட சொல்றேன், நீங்க வசனத்துக்கு சூழல் பாக்கணும் சூழல் பாக்கணும்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் மியூசியத்துல வச்சிருவீங்க. எங்க சின்னவன் டெங்குல பிளேட்லெட் இறங்கி ஆஸ்பத்திரில கிடந்தப்ப நான் சங்கீதம் 91 யாருக்கு எழுதுனதுன்னு பாத்துக்கிட்டு இருக்கல. கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு "உன்னை அணுகாது, உன்னை அணுகாது"ன்னு ராத்திரி பூரா சொன்னேன். அந்த நேரத்துல வேற எனக்கு என்ன தெரியும்.

---

தேவகோட்டை வாத்தியார் (ரிட்டயர்டு)

சிஸ்டர், அந்தக் கட்டில்கிட்ட நான் இருந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. பயத்துல கூப்பிடுறது வேற. அந்தம்மா கேட்டது தெனம் ஏழு மணி ஜெபத்தப் பத்தி. ஆனா ஒண்ணு, அதே 91ஆம் சங்கீதத்த இயேசுகிட்டயே பிசாசு எடுத்துச் சொன்னான்ங்கறதையும் மறந்துறாதீங்க, கீழ குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு. வசனம் சரிதான், யாரு எதுக்கு எடுக்குறாங்கன்னு ஒண்ணு இருக்குல்ல. மியூசியம்னு சொன்னது கொஞ்சம் வலிச்சுச்சு, பரவால்ல 🙂 சின்னவன் இப்ப நல்லா இருக்கானா?

---

புதுவயல் சிஸ்டர்

நல்லா இருக்கான் ஐயா. ஒம்பதாவது. கணக்கு மட்டும் வரல, ஜெபம் பண்ணிக்கங்க.

---

கானாடுகாத்தான் பேரன்

நான் கிறிஸ்டியன் இல்ல, சும்மா படிச்சிட்டு இருந்தேன், சிரிப்பு வந்துருச்சு. எங்க ஆச்சி எனக்கு பன்னெண்டாவது பரீட்சைக்கு ஹால் டிக்கெட்ட பிள்ளையார்பட்டில வச்சு கும்பிட்டு எடுத்துட்டு வந்தாக. திருநீறு பட்டு ரெஜிஸ்டர் நம்பர் மேலயே ஒரு வெள்ளைக் கறை, எக்ஸாம் ஹால்ல மேடம் இது என்ன நம்பருன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. வளவுல (வீட்டு முத்தத்துல) உக்காந்து அவுகளும் சாமிகிட்ட இப்படித்தான் "இந்தப் பய சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குறான் விநாயகா"ன்னு எனக்குக் கேக்குற மாதிரி சொல்லுவாக. எல்லா வீட்லயும் சாமிதான் நடுவுல மாட்டிக்குது போல. மன்னிக்கவும், நடுவுல வந்ததுக்கு.

---

சருகணி மருமக

செக்காலை அக்காவுக்கு வணக்கம். நாங்க ஆர்சி (கத்தோலிக்கர்), எனக்கு உங்க அளவுக்கு வசன எண்ணெல்லாம் மனப்பாடமா வராது. எங்க வீட்ல ஜெபமாலைதான். ஆனா பிள்ளைங்க வெளிய கிளம்புறப்ப வாசப்படில நிறுத்தி நெத்தில கட்டவெரலால சிலுவை போட்டு ஒரு வசனம் சொல்லுவோம், எங்க மாமியார் சொல்லிக் குடுத்தது. எண்ணிக்கை 6:24லருந்து 26. எங்க பைபிள்ல "ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக"ன்னு இருக்கும், உங்களோடதுல "ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்"னு இருக்கும்னு நெனக்கிறேன். மூணே வரி. அதுல பிள்ளை என்ன பண்ணணும்னு ஒண்ணுமே கிடையாது பாத்தீங்களா, எல்லாம் அவர் பண்றது. அவர் காக்கணும், அவர் முகம் பிரகாசிக்கணும், அவர் அமைதி குடுக்கணும். இதுல யாரையும் குத்திக் காட்ட முடியாது. பஸ் வந்துருச்சுன்னு எம்பொண்ணு கத்துனாலும் ரெண்டு செகண்டுல முடிஞ்சிரும், அவளே நெத்திய முன்னால நீட்டுவா, ஸ்டிக்கர் பொட்டு கலைஞ்சிராம பாத்துப் போடுங்கம்மான்னு.

இன்னொண்ணு சொல்லணும்னு தோணுச்சு. தேவகோட்டைலருந்து திருவாடானை தாண்டிப் போனா ஓரியூர் வருமில்ல, அருளானந்தர் கோயில். நீங்க சிஎஸ்ஐன்னாலும் போயிருப்பீங்க, அந்தச் செம்மண்ண எடுத்துட்டு வருவாங்க எல்லாரும். அவர் கதைல எங்க மாமியாருக்குப் புடிச்சது அவர் சாவு இல்ல, அவரோட அம்மா. அவர் 1647ல லிஸ்பன்ல பொறந்தவரு, பெரிய வீட்டுப் பிள்ளை, அரண்மனையில வளந்தவரு. சின்னப் பையனா இருக்கும்போது ஒடம்பு ரொம்ப முடியாமப் போயி பொழைக்கிறதே கஷ்டம்னு ஆயிருச்சு. அவங்கம்மா புனித சவேரியார்கிட்ட நேர்ந்துக்கிட்டாங்க, பிள்ளை பொழச்சா ஒரு வருசம் சேசு சபை அங்கிய போட்டு விடுறேன்னு. பொழச்சிட்டார். அந்தக் குட்டி அங்கிய ஒரு வருசம் போட்டுக்கிட்டு அரண்மனையச் சுத்துனாராம். அம்மா நேர்ந்தது ஒரு வருசத்துக்குத்தான். பிள்ளைக்கு அது ஒட்டிக்கிச்சு. பெருசாகி சபையிலயே சேந்து, 1673ல இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போறார்னு தெரிஞ்சதும் அதே அம்மா போக விடாம இருக்க எவ்வளவோ முயற்சி பண்ணியிருக்காங்க. 1693 பிப்ரவரி 4, ஓரியூர்ல தலைய வெட்டிட்டாங்க, நாப்பத்தஞ்சு வயசு.

எங்க மாமியார் இதச் சொல்லிட்டு ஒவ்வொரு தடவையும் கடைசியா ஒண்ணு சொல்லுவாங்க, "அவ பிள்ளை உசுரக் கேட்டா, அவரு குடுத்தாரு, ஆனா அவ நெனச்ச மாதிரி வச்சுக்கக் குடுக்கல." அவங்களுக்கு ஒரு மகன் சாமியாரா போயிட்டார், அதனால அந்தக் கதை அவங்களுக்கு ரொம்ப ஒட்டும்.

நீங்க கேட்டதுக்கு இது பதிலான்னு தெரியலக்கா. நோட்டு ஏழு வந்திருச்சுன்னீங்கள்ல, அது பெரிய விஷயம், விட்றாதீங்க.

---

பள்ளத்தூர் பையன்

ஆன்ட்டி வணக்கம். எனக்கு இருபத்தி மூணு, இப்ப சென்னைல வேலை. உங்க பையன் எடத்துல இருந்தவன்ங்கிறதால எழுதுறேன். எங்கம்மாவும் சேம். எங்க வீட்ல "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சாலே எனக்கு வயிறு பெசையும், இன்னைக்கு என்ன கேஸ் வரப்போகுதோன்னு. எந்தப் பொண்ணு கூட சைக்கிள்ல வந்தேன், யாரு என் மேல சிகரெட் வாசன வந்துச்சுன்னு சொன்னாங்க, எல்லாமே பிரேயர்லதான் எனக்குத் தெரியவரும். வெளிய ஒருத்தருக்கும் தெரியாம கடவுளுக்கு மட்டும் தெரியணும்னு நான் நெனச்ச விஷயத்தையெல்லாம் அம்மா அவருக்கு சத்தமா எடுத்துச் சொல்லுவாங்க, தங்கச்சி பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருப்பா. அது எவ்வளவு அசிங்கமா இருக்கும்னு பெரியவங்களுக்குப் புரியறதில்ல ஆன்ட்டி. வசனத்து மேலயே ஒரு வெறுப்பு வந்துருச்சு, ஏன்னா ஒவ்வொரு வசனமும் எனக்கு எதிரா வந்த மாதிரியே இருக்கும். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ங்கறத நான் எத்தன தடவ கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல.

எப்ப மாறுச்சுன்னா, நான் பன்னெண்டாவது படிக்கும்போது கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு முந்தின நாள். அம்மா இட்லி வச்சிட்டு சும்மா கேட்டாங்க, "நாளைக்கு நான் என்னடா ஜெபிக்கட்டும், நீயே சொல்லு"ன்னு. ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, பாஸ்டர் எதுவும் சொல்லியிருக்கலாம். நான் வெளையாட்டா "எக்ஸ்டர்னல் நல்லவரா வரணும், சால்ட் ஈஸியா வரணும்"னு சொன்னேன். எக்ஸ்டர்னல்னா வெளியருந்து வர்ற எக்ஸாமினர், சால்ட்னா குடுக்குற உப்பு என்னன்னு நாம கண்டுபிடிக்கணும். அம்மா ஜெபத்துல எக்ஸ்ட்ரா ஒண்ணுமே சேக்கல ஆன்ட்டி. "ஆண்டவரே, எக்ஸ்டர்னல் நல்லவரா வரணும், சால்ட் ஈஸியா வரணும், ஆமென்." அவ்வளவுதான். நான் கண்ணத் தொறந்து பாத்தேன், வேற எதாவது வரும்னு. வரல. தோசைக்கல்ல அடுப்புல வைக்கப் போயிட்டாங்க.

எக்ஸ்டர்னல் ரொம்ப மோசமானவரா வந்தார், அது வேற விஷயம் 😂 எனக்கு வந்த சால்ட்ட கண்டுபிடிக்கவே முடியல. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன், ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுக்கப்புறம் நானா வந்து சொல்லுவேன், இதுக்கு ஜெபிங்க அதுக்கு ஜெபிங்கன்னு. இப்பவும் பல்லவன்ல ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப காரைக்குடி ஸ்டேஷன்ல விடியக்காலைல பிளாட்பாரத்துல நிப்பாங்க, "என்னடா"ன்னு மட்டும் கேப்பாங்க, நான் ஒண்ணு ரெண்டு விஷயம் சொல்லுவேன், டிரெய்ன் கெளம்பிரும்.

அதனால வசனம் எதுன்னு தேடுறதுக்கு முன்னாடி அவன்கிட்ட கேளுங்க ஆன்ட்டி.

---

தேவகோட்டை வாத்தியார் (ரிட்டயர்டு)

தம்பி எழுதுனதப் படிச்சிட்டு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, சேத்துக்கறேன். லூக்கா 22:32. பேதுரு மறுதலிக்கப் போறான்னு இயேசுவுக்கு நல்லாத் தெரியும். "நீ மறுதலிக்கக் கூடாது"ன்னு ஜெபிச்சேன்னு சொல்லல, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்"னு சொல்றார், அதோட "நீ குணப்பட்டபின்பு"ன்னு அடுத்தாப்ல வருது. விழுவான்னு தெரியும், எந்திரிச்சதுக்கு அப்புறம் அவனுக்கு ஒரு வேலையும் வச்சிருக்கார். நான் என் மகளுக்காக இந்த ஒரு வசனத்தத்தான் வச்சிருக்கேன், பல வருசமா. அவ இப்ப கோயிலுக்கு வர்றதில்ல. அவ முன்னாடி ஜெபிக்கிறதும் இல்ல.

இத எழுதணும்னு நெனைக்கல, எழுதிட்டேன், இருக்கட்டும்.

---

சருகணி மருமக

ஐயா, உங்க மகளுக்காக இன்னைக்கு ஜெபமாலைல ஒரு பத்து மணி உருட்டி ஜெபம் சொல்றேன். அகுஸ்தினாரோட அம்மா மோனிக்கா பத்தி உங்களுக்குத் தெரியாததில்ல, எத்தன வருசம் அழுதிருப்பாங்க, 387ல அவர் மிலான்ல ஞானஸ்நானம் வாங்குனாரு, அதே வருசம் அந்தம்மா போயிட்டாங்க. எங்க கோயில்ல ஆகஸ்ட் 27 அம்மா திருநாள், மறுநாள் 28 மகன் திருநாள், அடுத்தடுத்து வரும்.

---

செக்காலை அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு நாள் கழிச்சு எழுதுறேன். படிச்சிட்டு மொதல்ல வாத்தியார் ஐயா மேல கோவம்தான் வந்துச்சு, உண்மைய சொல்லிடுறேன். உபாகமம் 28 முழுசா உக்காந்து படிச்சேன். 15க்கு அப்புறம் படிக்கவே பயமா இருந்துச்சு. பதினேழு வருசமா அந்த ஒரு வரிய மட்டும் வெட்டி எடுத்து நோட்டுல ஒட்டியிருக்கேன்.

அப்புறம் பழைய நோட்டெல்லாம் பீரோலருந்து எடுத்துப் பாத்தேன். மொத நோட்டுல, அவன் கைக்குழந்தையா இருக்கும்போது, எல்லாமே "ஆண்டவரே இவனுக்கு சளி விடணும்", "இவன் ராத்திரி தூங்கணும்", "ஸ்தோத்திரம், இன்னைக்கு குப்புற விழுந்தான்" இப்படித்தான் இருக்கு. அஞ்சாவது நோட்டு வர வர வசனம் பெருசாகிக்கிட்டே போகுது, பிள்ளை அதுல காணாமப் போயிட்டான். மார்க்கு, குணம், கீழ்ப்படிதல், இதுவாவே இருக்கு. நானே ஒரு மாதிரி ஆயிட்டேன்.

நேத்து ராத்திரி மாடிக்கு நானே போனேன். துணி எடுக்கப் போற மாதிரிதான் போனேன். பள்ளத்தூர் தம்பி சொன்ன மாதிரி கேட்டேன், பரீட்சைக்கு நான் என்ன ஜெபிக்கட்டும், எந்த வசனம், நீயே சொல்லுன்னு. அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் போன எடுத்து (போன்லயே பைபிள் வச்சிருக்கான், எனக்குத் தெரியாது) தேடிப் பாத்து, "சங்கீதம் 127"ன்னான். எனக்கு சந்தோஷம் தாங்கல, நான் மொத நோட்டுல மொத பக்கம் எழுதுன சங்கீதமாச்சே, "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்"னு ஆரம்பிச்சேன்.

"அது மூணாவது வசனம். அதுக்கு முன்னாடி ரெண்ட படிங்க"ன்னான்.

நானும் படிச்சேன், "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." விருதான்னா வீணு.

பேரப் போட்டுப் படிங்கன்னு சொல்றான், சிரிப்ப அடக்கிக்கிட்டு. பேரப் போட்டுப் படிச்சேன். வாத்தியார் ஐயா, இதுக்கு சூழல் என்னன்னு தயவுசெஞ்சு அவன்கிட்ட சொல்லிறாதீங்க.

ஏழு மணி ஜெபத்துக்கு இன்னும் வரல. ஆனா இன்னைக்கு நாங்க ஜெபிக்கிறப்ப மாடிப்படி பாதில உக்காந்திருந்தான், நான் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். எங்க அத்தைதான் தலைய திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அலாரத்த அஞ்சரைக்கு மாத்திட்டேன், அவனுக்கு மட்டும். புதுவயல் சிஸ்டர், அந்த நல்லெண்ணெய் விஷயத்த ஞாயித்துக்கிழமை பாக்கப் போறேன்.